‘நில்’ என்று நான் எழுதிய வரி

ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கம்பனியில் கேட்டார்கள். என் அனுபவத்தில் ஒரு வார்த்தையே தேவைக்கு மேல் கேடு செய்திருக்கிறது. நாலு எழுதப் பயமாக இருக்கிறது. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் இரண்டு தடவை ஓய்வுபெற்றவன். முதல் தடவை அரச சேவையிலிருந்து. அக்கரைப்பற்றில் எழுதுவினைஞராகத் தொடங்கிக் கல்முனையில் பிரதம எழுதுவினைஞராக முடித்தேன். சுற்றறிக்கைகள் எல்லாம் பாடம். ஒரு கோவையை, அதாவது பைலை, எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, எப்படித் தொலைப்பது என்ற மூன்றும் தெரியும். மூன்றாவதற்கு எழுத்தில் நடைமுறை கிடையாது. ஆனால் கந்தோர்களில், அரச அலுவலகங்களில், மிக ஒழுங்காகப் பின்பற்றப்படுவது அதுதான்.

இரண்டாவது தடவை ஓய்வுபெற்றது இந்த மென்பொருள் கம்பனியிலிருந்து. அப்போது இது பிரதான வீதியில் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் இருந்தது. உரிமையாளர் என் வீட்டுக்கு வந்து, “சேர், எங்கட புள்ளைகள் கோட் எழுதுவாங்க. அது என்ன செய்யுதெண்டு தமிழ்ல எழுதச் சொன்னா எல்லாரும் வெளிய போயிருவாங்க” என்றார். எனக்கும் வீட்டில் பெரிய வேலை இருக்கவில்லை. பத்திரிகையில் பிழை பார்த்து அடிக்கோடு போடுவதை ஒரு வேலையாக என் மனைவி ஏற்றுக்கொள்ளவில்லை.

வேலை இதுதான். சாய்ந்தமருதில் ஒரு நலன்புரிச் சங்கம். வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்குப் போன நம் ஊர்ப் பெண்களின் விடயங்களைக் கவனிப்பவர்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் முகில் எனப்படும் இணையச் சேமிப்பகத்தில் ஓர் உறை. அதற்குள் விண்ணப்பம், கடவுச்சீட்டுப் பிரதி, ஒப்பந்தம். பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு அனுப்பும் குரல் செய்திகளைத் தொண்டர்கள் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்த பக்கங்கள். உறைகள் கூடிவிட்டன, வாசிக்க ஆளில்லை. ஆகவே ஒரு செயற்கை நுண்ணறிவு முகவர் (ஏஜென்ட்) வாரத்துக்கு ஒரு தடவை எல்லா உறைகளையும் வாசித்து, எந்தப் பெண்ணின் விடயத்தில் உடனே தூதரகத்தோடு கதைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தரும். அந்த முகவர் சேமிப்பகத்துக்குள் போய்க் கோப்புகளை வாசிப்பதற்கான கருவியைச் செய்தது நம் கம்பனி. அந்தக் கருவிக்கு ஆவணம் எழுதியது நான்.

இந்த ஆவணத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் சங்கத்தின் ஊழியர். மற்றது முகவர். ஊழியருக்கு எப்படி எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை; அவர் வாசிக்க மாட்டார். முகவர் வாசிக்கும். எழுதியதை எழுதியபடியே வாசிக்கும். வாழ்நாள் முழுக்க யாரும் வாசிக்காத கடிதங்களை எழுதிப் பழகிய ஒருவனுக்கு இது பெரிய அதிர்ச்சி.

முதல் வாரமே நான் “சந்தேகம் ஏற்படின் உரிய அலுவலரைக் கேட்கவும்” என்று ஒரு வரி எழுதினேன். எத்தனை ஆயிரம் கடிதங்களில் எழுதிய வரி. பரீட்சித்துப் பார்த்தபோது முகவர் வேலையை நிறுத்தி, “உரிய அலுவலர் யார்?” என்று கேட்டது. சேவைக்காலம் முழுவதிலும் என்னிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் விடை தெரியாது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு விட்டிருக்கக் கூடாது. வெறும் பழக்கத்தால் எழுதப்படும் சொல்லை இது பழக்கமாக எடுக்காது என்பதை அப்போதே நான் விளங்கியிருக்க வேண்டும்.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

கந்தோரில் நில் ரிட்டன் என்று ஒன்று உண்டு. மேலிடம் ஒரு விபரம் கேட்டால், நம்மிடம் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். நிரலில் அந்த ஆங்கில ‘நில்’லைத் தமிழெழுத்தில் போட்டுக் கையொப்பமிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கள் கந்தோரில் பழுதான வாகனம் எதுவும் இல்லாதபடியால் பழுதான வாகனங்களின் விபரத்தை அனுப்பவில்லை. பிரதம எழுதுவினைஞர் என்னை அம்பாறைக்கு பஸ்ஸில் அனுப்பினார். அங்கே மேசையில் இருந்தவர் என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் பேரேட்டில் எங்கள் கந்தோரின் பெயருக்கு நேரே ‘நில்’ என்று எழுதி, “இனிப் போ” என்றார். வெறுமையாக விட்டதும் ‘இல்லை’ என்று சொன்னதும் ஒன்றல்ல என்பதை ஒரு முழு நாள் செலவழித்துப் படித்தேன். அதன் பிறகு அந்தச் சொல்லில் எனக்கு ஒரு பிடிமானம். பிடிமானம் என்றா சொன்னேன், காதல் என்றே சொல்லலாம்.

கருவி ஒரு கோப்பைத் திறக்கிறது, உள்ளே எழுத்து எதுவும் இல்லை. உதாரணமாக அது வெறும் புகைப்படம். அந்தக் காலத்தில் நம் கருவிக்குப் படத்தை வாசிக்கத் தெரியாது. அப்போது அது முகவருக்கு என்ன சொல்ல வேண்டும்? ‘நில்’ என்று சொல்ல வேண்டும் என்று நான் எழுதினேன். சுருக்கம், தெளிவு, மரபு. அதன் பொருளை ஒழுங்காகப் பின்னிணைப்பில் விளக்கியும் இருந்தேன்.

கருவியைச் செய்தவர் ஷிப்னா. மருதமுனை ஊர்ப் பெண்பிள்ளை. கதைப்பது குறைவு. ஆவணத்தை எல்லோரும் சுற்றியிருந்து பார்த்த கூட்டத்தில் அவர்தான் கையை உயர்த்தினார்.

“சேர், ‘நில்’ எண்டா நிப்பாட்டு எண்டும் வருந்தானே?”

“வரும். அதுக்கு?”

“நம்மளுக்கு நில் ரிட்டன் தெரியும். அது எந்தக் கந்தோர்ல வேல செஞ்ச?”

“புள்ள, நான் முப்பத்தாறு வருஷம் ‘நில்’ எழுதின ஆள். பார்த்துட்டு ஒருத்தனும் எழும்பி நிக்கல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். ஷிப்னாவும் சிரித்தார். ஆனால் கூட்டம் முடிந்து போய் ஆவணத்தின் ஓரக் குறிப்பில் இரண்டு வரி எழுதி வைத்தார்: “பின்னிணைப்பு முகவருக்குப் போவதில்லை, முதற்பகுதி மட்டுமே போகிறது. ‘நில்’ என்பதை அது கட்டளையாக எடுக்கக்கூடும். முழு வசனமாக எழுதலாமா?”

நான் அதன் கீழே, “பரிசீலிக்கப்பட்டது. மாற்றம் அவசியமில்லை” என்று எழுதிக் குறிப்பை மூடினேன். பரிசீலிக்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் நான் பரிசீலித்ததாக எழுதியவற்றில் பாதியைப் பரிசீலித்திருந்தாலே எனக்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்.

பரீட்சை நடந்தது. பரீட்சைக்குரிய உறைகளைத் தயாரித்ததும் நான்தான். எழுத்துக் கோப்புகள் முன்னால், படங்கள் எல்லாம் இணைப்புகளாகக் கடைசியில், கந்தோர் ஒழுங்கில். முகவர் எல்லாவற்றையும் வாசித்தது, கடைசியில் ‘நில்’ வந்தது, முடித்தது. பிழையே இல்லை. கருவி சங்கத்துக்குப் போயிற்று.

சங்கத்தின் பட்டியல் மெல்ல மெல்லச் சுருங்கியது. அங்குள்ள இணைப்பாளர் மகிழ்ந்துபோனார். முன்பு தொண்டர்கள் எல்லாவற்றுக்கும் பதறுவார்கள், இப்போது உண்மையான முறைப்பாடு மட்டும் வருகிறது என்றார். ஓர் எண் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்பதற்கு முன் அதற்கு நன்றி சொல்வது நம் வழக்கம். நானும் அந்த நன்றியை ஏற்றுக்கொண்டேன்.

கருவி எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கிழமைக்கொரு தடவை நான் சங்கத்துக்குப் போவேன். அங்கே வாங்குப் பலகையில் ஒரு பெண் இருப்பார். ஸலீமா. ஐம்பது வயதிருக்கும். மீன்வாடியில் வேலை செய்பவர், வேலை முடிந்த கையோடு வருவார். அவருடைய மகள் ரிஸ்மியா வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். முதலில் கிழமைக்கு இரண்டு குரல் செய்தி வந்தது. பிறகு குறைந்தது. வந்தவற்றைத் தொண்டர் ஒருவர் கேட்டுத் தட்டச்சு செய்து உறைக்குள் வைத்திருந்தார்.

“தம்பி, என்ட மகள்ட பேர் இந்தமுற லிஸ்ட்ல வந்திச்சா?” என்று இணைப்பாளரிடம் கேட்டார்.

“இல்ல ராத்தா. முறைப்பாடு ஒண்டும் இல்லெண்டுதான் வருது. நல்லந்தானே.”

“ஒண்டும் இல்லாட்டி ஏன் கோல் எடுக்காளில்ல?”

“போன புடுங்கி வெச்சிரிப்பாங்க. அது எல்லா வீட்டுலயும் செய்றதுதான்.”

“நான் குடுத்த வொய்ஸ் எல்லாம் அதுக்குள்ள இரிக்கா?”

“எல்லாம் இரிக்கி.”

“அத அது வாசிக்குதா?”

இணைப்பாளர் என்னைப் பார்த்தார். இப்படியான கேள்விகளுக்கு விடை சொல்லத்தானே நான் இருக்கிறேன். ஆவணம் எழுதியவன். நான் சொன்னேன்: “எல்லாத்தையும் வாசிக்கும் தங்கச்சி. மனிசரப் போல இல்ல, அதுக்கு அலுப்பு வாறல்ல.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம்பினார் என்று நினைக்கிறேன். பிறகும் ஒவ்வொரு கிழமையும் வந்தார், ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. பட்டியலைப் பற்றி மட்டும் கேட்டார். நான் அவருடைய வாயை அடைத்துவிட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

செய்தி வேறு வழியால் வந்தது. ரிஸ்மியா இருந்த நகரத்தில் வேலை செய்யும் நிந்தவூர்ப் பெண் ஒருத்தி தன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். அவர்கள் சங்கத்துக்குச் சொன்னார்கள். ரிஸ்மியாவுக்கு வயிற்றில் ஏதோ வருத்தம். வீட்டுக்காரர்கள் நாட்கணக்காக வைத்திருந்து, ஏலாத கட்டத்தில் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறார்கள். மௌத்தாகிவிட்டாள். அடக்கியும் ஆயிற்று.

இணைப்பாளர் அப்போதுதான் உறையைத் தன் கையால் திறந்தார். முதலாவது கோப்பு கடவுச்சீட்டின் புகைப்படம். ரிஸ்மியாவை அனுப்பிய ஏஜன்சி தட்டச்சு விண்ணப்பம் கொடுக்காதபடியால் படம் முன்னுக்கு வந்திருந்தது. அதற்குப் பின்னால் குரல் செய்திகளின் பக்கங்கள். அவர் வாசித்தார். வயிற்று வலி என்று ஒவ்வொரு பக்கத்திலும் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. பிறகு எங்களுக்குத் தொலைபேசி எடுத்து, பதிவுகளைப் பார்க்கச் சொன்னார்.

ஷிப்னா பதிவுகளை எடுத்தார். முகவர் கருவியிடம் என்ன கேட்டது, கருவி என்ன சொன்னது என்ற பதிவு. ஒவ்வொரு கிழமையும் ஒரே மாதிரி. உறை திறக்கப்படுகிறது. முதலாவது கோப்பு வாசிக்கப்படுகிறது. கருவி ‘நில்’ என்கிறது. அடுத்த வரியில் முகவர், “நிறுத்தும்படி அறிவுறுத்தப்பட்டதால் இந்த உறையின் வாசிப்பு நிறைவடைகிறது. முறைப்பாடு எதுவும் காணப்படவில்லை” என்று எழுதியிருக்கிறது. மரியாதையான, பிழையில்லாத தமிழ். என்னுடைய தமிழ்.

ஷிப்னா திரையை என் பக்கம் திருப்பினார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்:

“சேர், அது நிண்டிரிக்கி.”

அன்று பின்னேரம் சங்கத்தோடு கூட்டம். அதற்குமுன் அறிக்கை வேண்டும். உரிமையாளர் என் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சேர், இந்த மாதிரி விசயம் எழுத உங்களுக்குத்தான் வரும்.”

வரும். அவர் கேட்காமலே மூன்று வழிகள் எனக்குத் தெரிந்தன. முகவரின் மூளையைச் செய்த கம்பனி எங்கோ இருக்கிறது, அதன்மேல் போடலாம். சங்கத்து ஊழியர் கோப்புகளை ஒழுங்கில்லாமல் வைத்தார்கள் என்று போடலாம். அல்லது ஒருவர்மேலும் போடாமல் எழுதலாம். அதுதான் எனக்குக் கைவந்தது. அரை மணித்தியாலத்தில் எழுதினேன். “கருவியின் பதிற்சொல் தொடர்பில் ஏற்பட்ட பொருள்மயக்கம் காரணமாகக் குறித்த சில கோப்புகள் வாசிக்கப்படாத நிலைமை உருவாகியுள்ளமை அவதானிக்கப்பட்டுள்ளது.” இன்றைக்கு வாசித்தாலும் அந்த வசனத்தில் எந்தக் குறையும் இல்லை. மழை பெய்தது போல, ஒரு விடயம் தானாக நடந்திருக்கிறது.

உரிமையாளருக்குத் திருப்தி. “ஓரக் குறிப்பில ஷிப்னாவும் நீங்களும் கதைச்சது கிடக்கு. அத அழிச்சா நல்லம் எண்டு நினைக்கன்” என்றார். அவர் கெட்டவர் அல்ல. எட்டுப் பேருடைய பிழைப்பு அவர் தலையில் இருந்தது. அழிப்பதற்கு ஒரு விசையை அமுக்கினால் போதும். நம் கந்தோரில் ஒரு பக்கத்தைக் கோவையிலிருந்து கழற்றுவதற்கு ஆணி கழற்ற வேண்டும், இலக்கம் மாற்ற வேண்டும், ஒரு நாள் வேலை.

அறிக்கையை ஷிப்னாவிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் சரி என்று சொன்னால் அழிக்கலாம் என்று நினைத்திருப்பேன் போல. அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்:

“இதுல ஆள் எங்க சேர்?”

“எந்த ஆள்?”

“செஞ்ச ஆள். வசனம் நல்லா இரிக்கி. ஆளக் காணல்ல.”

“ஆள் வந்தா கம்பனி போகும், புள்ள.”

“போகலாம்,” என்றார். “எனக்கும் வேற வேல தேட ஏலாதுதான். ஆனா நாளைக்கு நீங்க அந்த உம்மாவப் பாத்தா, ‘அவதானிக்கப்பட்டுள்ளது’ எண்டா சொல்லுவீங்க?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். 

கூட்டத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. மற்ற அறிக்கையை ஐந்து வரியில் எழுதினேன். இந்தச் சொல்லை நான் எழுதினேன். அது பிழையாக விளங்கப்படலாம் என்று சக ஊழியர் ஒருவர் எனக்கு எழுத்தில் சொன்னார். நான் யோசிக்காமலே அதை நிராகரித்தேன். பரீட்சை உறைகளை நான் என் வசதிக்கு அடுக்கியபடியால் பிழை தெரியவில்லை. குரல் செய்திகளுக்கு முன்னால் படம் உள்ள உறைகள் அத்தனையும் முழுமையாக வாசிக்கப்படவில்லை, இன்றே திரும்ப வாசிக்க வேண்டும். ஓரக் குறிப்பை இணைப்பாக வைத்தேன். உரிமையாளர் வாசித்துவிட்டு என்னைப் பார்க்காமல், “சரி” என்று மட்டும் சொன்னார். பிறகு பல மாதம் அவர் என்னோடு வேலைக்கு மேலான கதை கதைக்கவில்லை.

சங்கம் எங்களை விலக்கவில்லை. மன்னித்ததால் அல்ல, வேறு ஆள் கிடைக்காததால். அன்று இரவாவதற்குள் சொல்லை மாற்றினோம். ஷிப்னா முதலில் கேட்ட முழு வசனம்: “இந்தக் கோப்பில் வாசிக்கக்கூடிய எழுத்து இல்லை. இது படமாக இருக்கலாம். முறைப்பாடு இல்லை என்பதற்கு இது ஆதாரமாகாது. உறையிலுள்ள மற்றக் கோப்புகளைத் தொடர்ந்து வாசிக்கவும்.” பின்னிணைப்பு முழுவதையும் முதற்பகுதிக்குள் கொண்டுவந்தோம். திரும்ப வாசித்ததில் இன்னும் மூன்று பெண்களின் பெயர் பட்டியலில் வந்தது. இரண்டு பேரை வீடுகளிலிருந்து எடுக்க முடிந்தது. மூன்றாவது பெண்ணின் தொலைபேசி அப்போதும் வேலை செய்யவில்லை, இதை எழுதும் இன்றைக்கும் வேலை செய்யவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய தொழில் விடயம் இத்தோடு முடிகிறது. மேலதிகமாக ஒன்று நடந்தது. அதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை.

நான் ஸலீமாவின் வீட்டுக்குப் போனேன். மௌத்தானவருக்காக ஓதும் மூன்றாம் நாள் கத்தம் முடிந்த பிறகு. இணைப்பாளரும் கூட வந்தார். வரவேண்டாம் என்று சொல்லியும் ஷிப்னாவும் வந்து ஒரு மூலையில் இருந்தார். நான் தொடங்கியதே பிழை.

“தங்கச்சி, ஏஜென்ட் அந்த பைல வாசிக்கல்ல.”

“அவன் எங்க வாசிப்பான்?” என்றார் ஸலீமா. “ஏத்தி உட்ட நாளையில இரிந்து அவன்ட போனே ஓஃப்.”

அவர் மகளை அனுப்பிய ஏஜன்சிக்காரனைச் சொல்கிறார். முகவர் என்று நான் ஆவணம் முழுக்க எழுதிய சொல் இந்த ஊரில் யாரைக் குறிக்கும் என்று எனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை.

“அந்தாள் இல்ல. கொம்பியூட்டர்ல ஒண்டு இரிக்கி. அது வாசிக்கும் எண்டு நான் சொன்னன். அது வாசிக்கல்ல. நான் எழுதின ஒரு சொல்லாலதான் வாசிக்கல்ல.”

“என்ன சொல்?”

சொன்னேன். கந்தோர், ரிட்டன், அம்பாறை எதையும் சொல்லவில்லை. சொல்லை மட்டும் சொன்னேன். அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“அது வாசிச்சிரிந்தா?”

“லிஸ்ட்ல பேர் வந்திரிக்கும். இவர் தூதரகத்துக்குக் கோல் எடுத்திரிப்பார்” என்று இணைப்பாளரைக் காட்டினேன்.

“எடுத்திரிந்தா காப்பாத்தியிருப்பீங்களா?”

 நான், “தெரியா தங்கச்சி. காப்பாத்த ஏலாமலும் போயிரிக்கும். ஆனா அந்தச் சந்தர்ப்பத்த நான் இல்லாமலாக்கிட்டன்” என்றேன்.

அவர் அழவில்லை, ஏசவும் இல்லை.  வெளியில் யாரோ கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க எழுதுற ஆள்தானே?”

“ஓம்.”

“அப்ப எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. அடக்கின இடம் எங்கெண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல. மையவாடியில நம்பர் ஒண்டு இரிக்குமாம். அது கிடைச்சா அங்க வேல செய்ற புள்ளைகள்ல ஒண்டு போய் ஒரு ஸலாம் சொல்லும்.”

ஷிப்னா மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். இது எனக்குத் தெரிந்த வேலை. தூதரகத்தில் யாருக்கு எழுத வேண்டும், எந்தப் பிரிவுக்குப் பிரதி போக வேண்டும், என்ன சொல் இல்லாவிட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவார்கள், எல்லாம் தெரியும். எழுதி வாசித்துக் காட்டினேன். “எனது காலஞ்சென்ற மகள் ரிஸ்மியாவின் பூதவுடல் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் விபரத்தை...”

“காலஞ்சென்ற எண்டா?”

“மௌத்தான.”

“அத வெட்டுங்க.”

“அது இல்லாட்டி அவங்களுக்கு விளங்காது தங்கச்சி. திருப்பி அனுப்புவாங்க.”

“அனுப்பட்டும். என்ட புள்ளைட முகத்த நான் பாக்கல்ல. ஆரோ சொன்னாங்க, நீங்களும் சொல்றீங்க, நான் கத்தமும் ஓதிட்டன். ஆனா என்ட பேர்ல போற கடிதத்தில அதச் சொல்றதுக்கு எனக்கு ஏலா.”

நான் ‘காலஞ்சென்ற’ என்பதை வெட்டினேன்.

“பூதவுடல் எண்டும் வேணாம்.”

வெட்டினேன்.

“அடக்கம் செய்யப்பட்ட எண்டதும்.”

“அப்ப என்ன கேக்கிற?” என்றேன். மூன்றையும் எடுத்தால் கடிதத்தில் பெயரும் திகதியும்தான் மிஞ்சும். அந்தப் பிரிவில் அவளுடைய கோவையை மூடி முடித்திருப்பார்கள். மூடிய கோவைக்கு வரும் இப்படியொரு கடிதத்தை மேசையில் இருப்பவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். நானே செய்திருக்கிறேன்.

ஸலீமா சொல்லச் சொல்ல, நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தட்டினேன். பிறகு வாசித்துக் காட்டினேன்.

“எனது மகள் ரிஸ்மியா எங்கே இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.”

“ஓம்,” என்றார். “இவ்வளவுதான்.”

அடுத்த நாள் காலை அதை அப்படியே பதிவுத் தபாலில் போட்டேன்.